இடது பக்க நாற்காலி

லம்யா ஓடினாள்.

காதில் போன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் அரபியிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளி முற்றத்திலிருந்து காசு இயந்திரங்களின் வரிசைக்குள் புகுந்து, தேநீர்த் தட்டோடு வந்த பணியாளரை இடிக்காமல் வளைந்து, சீட்டாட்டக் கூடத்துக்குள் நுழைந்தபோது நடுமேசையில் டீலர் ஏற்கெனவே சீட்டு வீச ஆரம்பித்திருந்தான். கடைசிச் சீட்டு விழும்போது ஆள் நாற்காலியில் இல்லாவிட்டால் அந்தக் கை செத்த கை. அதில் சலுகையே கிடையாது.

கடைசிச் சீட்டு டீலரின் விரலை விட்டுக் கிளம்பும்போது லம்யா உட்கார்ந்திருந்தாள்.

"மெதுவா, தங்கச்சி," என்றார் வலது பக்கத்திலிருந்த ஹாஜி. "கால் ஒடிஞ்சா இங்க யாரும் புதுக் கால் தர மாட்டாங்க. என்ன, எடுத்தானா?"

"தூங்கறான்."

"கொடுத்து வச்சவன்."

அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஏழும் மூன்றும். கவிழ்த்துத் தள்ளினாள். அவளுடைய இடது பக்கத்து நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போட்டிருந்தார்கள். அதில் யாரும் இல்லை. டீலர் கையை நீட்டி அந்த இரண்டையும் வாரிக் கழித்த சீட்டுகளோடு சேர்த்தான். நாற்காலியின் முன்னால் அடுக்கி வைத்திருந்த சில்லுகள் அப்படியே நின்றன. மத்தியானம் அது மேசையிலேயே இரண்டாவது உயரமான அடுக்கு. இப்போது ஒரு தேநீர்க் கோப்பையின் உயரம்கூட இல்லை.

அது ஜவாதின் நாற்காலி. ஜவாத் அவளுடைய கணவன்.

மராகேஷில் நாளை பெரிய போட்டி தொடங்குகிறது. ஐந்து நாள் நடக்கும். இன்று நடப்பது அதற்கான தகுதிச் சுற்று. காலையில் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்தார்கள். இப்போது மிச்சம் ஆறு பேர். பெரிய போட்டிக்குள் போக இருப்பதோ ஐந்து இடம். இந்தச் சுற்றில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. மலையளவு சில்லு வைத்திருப்பவனுக்கும் ஒரே ஒரு சில்லு வைத்திருப்பவனுக்கும் கிடைக்கப் போவது ஒரே இடம்தான். இன்னும் ஒரே ஒருவர் தோற்க வேண்டும். யார் என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட சுற்றில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போதுமான சில்லு சேர்ந்துவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்திருந்தால் நல்ல சீட்டு வரும். நல்ல சீட்டு வந்தால் கை அரிக்கும். கை அரித்தால் கெட்டது குடி. நாற்காலி மட்டும் அங்கே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயத்தை டீலரே அதன் அடுக்கிலிருந்து எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் அடித்துக்கொண்டு வெளியேற, நாற்காலி தானாகவே ஜெயித்துவிடும்.

அதனால் மத்தியான இடைவேளையில் ஜவாத் எழுந்து போனபோது ஒருவர் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் பெர்னார், ஓய்வு பெற்ற பல் டாக்டர், சபாஷ் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஜவாத் லம்யாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் காதருகே ஒன்றே ஒன்று சொன்னான்.

"யார் மொத்தச் சில்லையும் தள்ளினாலும் ஏத்துக்காதே. என்ன சீட்டு வந்தாலும் சரி. கவிழ்த்துக்கிட்டே இரு, இடம் தானா வரும்."

அவள் சரி என்றாள். அவனும் போனான். மேலே அறையில் தூங்கப் போகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நினைத்ததுபோல யாரும் வெளியேறவில்லை. ஏழு பேர் ஆறு பேரானதோடு மேசை உறைந்து நின்றது. எல்லாரும் கவிழ்த்தார்கள். மறுபடி கவிழ்த்தார்கள். கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போனது. ஆட்கள் இருக்கும் நாற்காலிகள் மற்றவர்களை மிரட்டிக் கவிழ்க்க வைத்து, அங்கே இங்கே ஒரு பந்தயத்தைத் திருடித் தாக்குப்பிடித்தன. ஆள் இல்லாத நாற்காலிக்குத் திருடத் தெரியாது. அது கொடுத்துக்கொண்டே இருந்தது.

முதலில் சிரித்தார்கள். இந்த மேசையிலேயே ஒழுங்காக ஆடுபவர் அவர்தான், வாயைத் திறப்பதில்லை, ஓசிச் சிகரெட் கேட்பதில்லை என்று நாற்காலியைப் புகழ்ந்தார் ஹாஜி. பிறகு சிரிப்பு குறைந்தது. அடுக்கு பாதியானதும் எல்லார் கண்ணும் அதன் மேலேயே நின்றது. பசியோடு பார்க்கிற பார்வை. இனி யாரும் சண்டை போட வேண்டியதில்லை. நாற்காலி சாகும் வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும்.

லம்யா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் எழுந்து ஓடிப் போன் செய்தாள். அறைக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. லிஃப்ட் வருவதற்குள் இங்கே இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். அவளுடைய அடுக்கும் அதைத் தாங்காது.

ஹாஜியின் உண்மைப் பெயர் புஷைப். பெனி மெல்லாலில் டிராக்டர் உதிரிபாகக் கடை. ஒவ்வொரு வருடமும் மக்காவுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து உட்காருவதால் அந்தப் பட்டம். லம்யாவிடமும் அவரிடமும் சரிசமமாகச் சில்லு இருந்தது. பெரிய சில்லுகள் மட்டுமே மேசையில் மிஞ்சியிருந்ததால் அதை எண்ணக்கூட வேண்டாம். பார்த்தாலே தெரியும்.

அடுத்த ஆட்டம். பெரிய கட்டாயப் பந்தயம் கட்டுவது லம்யாவின் முறை. அவள் சில்லைத் தள்ளி வைத்தாள். இதற்கு அடுத்த ஆட்டத்தில் அந்த முறை இடது பக்கத்துக்குப் போகும். நாற்காலியின் முன்னால் இருந்த சில்லை அவள் பார்த்தாள். மேசையில் எல்லாருமே பார்த்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு அது காணாது. இருப்பதை டீலர் மொத்தமாக எடுத்துக்கொள்வான். ஆள் இல்லாத கை செத்த கை. ஜவாத் வெளியே. மற்ற ஐந்து பேரும் உள்ளே.

சீட்டு விழுந்தது. டீலர் நாற்காலியின் சீட்டை வாரினான். மற்ற மூவரும் பார்க்காமலேயே கவிழ்த்தார்கள். பெர்னார் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முடிந்துவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஹாஜி தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு இரண்டு கையாலும் தன் மொத்த அடுக்கையும் நடுவுக்குத் தள்ளினார்.

"மொத்தமும்."

லம்யா தன் சீட்டைப் பார்த்தாள்.

ஆட்டின் ஏஸ். இஸ்பேடு ஏஸ்.

முதல் இரண்டு சீட்டில் இதைவிடப் பெரிய கை இந்த விளையாட்டில் கிடையாது. வேறு எந்தப் போட்டியிலும் இதை வைத்துக்கொண்டு யோசிப்பவனைப் பைத்தியம் என்பார்கள். இங்கே யோசிக்காதவன்தான் பைத்தியம்.

"கவிழ்த்துடு, தங்கச்சி," என்றார் ஹாஜி, ஏதோ மருந்து சாப்பிடச் சொல்வதுபோல. "உன் பந்தயத்தை மட்டும் நான் எடுத்துக்கறேன். கையில ரெண்டு ஏஸ் இருந்தாலும் நீ கவிழ்க்கணும். உன் புருஷன் வந்தாலும் அதைத்தான் சொல்லுவான். அது தெரிஞ்சுதானே தள்ளினேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கவிழ்த்தால், அடுத்த ஆட்டத்தில் நாற்காலி சாகும். அவளுக்கு இடம் உறுதி. ஏற்றுக்கொண்டால், ஐந்தில் நான்கு பங்கு அவள் ஜெயிப்பாள். ஒரு பங்கு தோற்பாள். கையிலிருக்கும் இடத்தை எதற்காக ஐந்தில் ஒரு பங்கு ஆபத்தில் வைக்க வேண்டும்?

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. ஏற்றுக்கொண்டால், அவள் ஜெயித்தாலும் தோற்றாலும் யாரோ ஒருவர் இப்போதே வெளியேறுவார். ஹாஜி, அல்லது அவள். எப்படியானாலும் மிச்சம் ஐந்து பேர். நாற்காலி பிழைத்துவிடும்.

காஸாபிளாங்காவிலிருந்து ரயிலில் வரும்போது ஜவாத் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். தனியாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது, அண்ணன் வீட்டின் மாடி காலியாகத்தான் இருக்கிறது என்றான். அவள் பயணச்சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.  வண்டி ஒரு நிலையத்தில் நின்று கிளம்பிய பிறகு அவனே சொன்னான்: "போட்டி முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அந்தப் பேச்சைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். போட்டி முடியட்டும். அப்படியானால் போட்டி முடியும் வரை அவள் மனைவி. இருவருக்கும் இடம் கிடைத்தால் ஐந்து நாள். ஒரே அறை, ஒரே காலை உணவு, ஒவ்வொரு இடைவேளையிலும் யார் என்ன சீட்டு வைத்திருந்தார்கள் என்ற வாக்குவாதம். வீட்டில் அவர்களுக்குள் பேச்சு வற்றிப் போய் வெகுகாலமாகிறது. உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான். சீட்டு மேசையில் மட்டும் அவன் இன்னும் பழைய ஜவாதாக வாய் ஓயாமல் பேசினான். அய்ன் தியாபில் ஒரு நண்பன் வீட்டு மேசையில்தான் முதன்முதலில் சந்தித்தார்கள். அன்று அவளிடம் எல்லாச் சில்லையும் தோற்றுவிட்டு, உங்களோடு எதிர்த்து ஆடினால் கட்டுப்படியாகாது, கூடவே உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். ஐந்து நாள் கிடைத்தால் அந்த மனிதனை எப்படியாவது வெளியே இழுத்துவிடலாம் என்று அவள் நம்பினாள்.

கவிழ்த்தால் அவள் மட்டும் உள்ளே. அவன் இன்றைக்கே ரயிலேறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவான். அவனுக்குப் போட்டி முடிந்துவிடும்.

ஏற்றுக்கொண்டு தோற்றால்? அவன் உள்ளே, அவள் வெளியே. பரவாயில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஐந்து நாளும் நிற்கலாம். அவன் தோற்கும் வரை போட்டி முடிவதில்லை.

"நேரம் வேணும்," என்றாள்.

டீலர் கையை உயர்த்தினான். போட்டியின் மேற்பார்வையாளர் கிஸ்லான் வந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் கடிகாரம். லம்யாவுக்குப் பத்து வருடப் பழக்கம். லம்யாவின் கல்யாணத்தில் மருதாணிக் கையோடு நடனம் ஆடியவள்.

லம்யா அவளிடம் கெஞ்சுகிற குரலில் கேட்டாள். அறைக்கு யாரையாவது அனுப்பு, கதவைத் தட்டச் சொல், அடுத்த ஆட்டத்துக்காவது வந்து உட்காரட்டும் என்றாள். கிஸ்லான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையில சீட்டு இருக்கறப்போ நான் உன்கிட்ட எதுவும் பேசக் கூடாது, லம்யா."

"ஒரு போன் பண்ணச் சொன்னா அது பேச்சா?"

"ஆட்டத்தை முடி. கவிழ்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

பெர்னார் சட்டென்று நிமிர்ந்தார். மேற்பார்வையாளர் ஆட்டக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது, இது என்ன புது வழக்கம் என்று முணுமுணுத்தார். கிஸ்லானின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினாள். விதி தவறி அவளை யாரும் பார்த்ததில்லை. லம்யாவுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சீட்டுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் ஹாஜி. இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "நீ இவ்வளவு நேரம் யோசிக்கறேன்னா பெரிய கைதான். அதனாலதான் சொல்றேன், கேளு. நான் வெறும் ரெண்டு குப்பையை வச்சுத் தள்ளியிருக்கேன். உன்னோட சண்டை போட இல்லம்மா. நீ ஏத்துக்க மாட்டேங்கற தைரியத்துல."

"தெரியும், ஹாஜி."

"தெரிஞ்சுமா?"

அவள் இடது பக்கம் திரும்பினாள். நாற்காலியின் தோல் இருக்கையில் அவன் உட்கார்ந்த அழுத்தம் எப்போதோ நிமிர்ந்துவிட்டிருந்தது.

"ஏத்துக்கறேன்," என்றாள்.

 அவள் சீட்டைத் திருப்பிப் போட்டாள். இரண்டு ஏஸ். ஹாஜி கண்ணை மூடிக்கொண்டு தன் சீட்டைத் திருப்பினார். கிளாவர் ஒன்பது, கிளாவர் ஆறு. வெட்கப்பட்டவர்போல அவற்றை லேசாகத் தட்டினார்.

இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டில் முதல் மூன்றை டீலர் நடுவில் பரப்பினான். ஜாக்கி, ஒன்பது, நான்கு. ஹாஜிக்கு ஒரு ஜோடி கிடைத்தது. போதாது. ஏஸ் ஜோடி இன்னும் மேலே.

நான்காவது சீட்டு, டைமன் ராணி. எதையும் மாற்றவில்லை.

லம்யா மூச்சை விட்டாள். இரண்டு இடம். ஐந்து நாள். மாடிக்கு எப்படி ஓடுவது, கதவை எப்படித் தட்டுவது, அவன் தூக்கக் கலக்கத்தில் என்ன கேட்பான் என்பது வரை மனம் போய்விட்டது. உன் பேச்சை மீறினேன் என்று முதலில் சண்டை போடட்டும். சண்டையும் பேச்சுத்தானே.

ஐந்தாவது சீட்டு, ஆட்டின் ஆறு.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு டீலர் ஒன்பதையும் ஆறையும் மெதுவாக மேலே தள்ளிக் காட்டினான். இரண்டு ஜோடி. ஹாஜி ஜெயித்துவிட்டார்.

அவர் சில்லைத் தொடவில்லை. "ஏம்மா?" என்றார். "கவிழ்த்திருக்கலாமே. நான்தான் சொன்னேனே."

லம்யா எழுந்து அவரிடம் கை நீட்டினாள். வழக்கம் அது, தோற்றவர் கை கொடுக்க வேண்டும். அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்பதுபோல இருந்தார். அப்போதுதான் பெர்னாருக்குக் கணக்கு விளங்கியது. அவர் காலி நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனிதர் இதற்குத் தகுதியானவர் என்று நம்புகிறேன், மேடம் என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் நின்றது. ஐந்து பேர். கிஸ்லான் பெரிய போட்டிக்கான ஐந்து அனுமதி அட்டைகளைக் கொண்டுவந்தாள். நான்கை நான்கு பேரிடம் கொடுத்தாள். ஐந்தாவது அவள் கையிலேயே இருந்தது.

"குடு," என்றாள் லம்யா. அழுகை இல்லை. கிட்டத்தட்டச் சிரிப்பு. "நானே கொண்டுபோய்த் தலகாணி மேல வைக்கறேன். கண்ணு முழிச்சதும் திட்டட்டும்."

கிஸ்லான் அட்டையைக் கொடுக்கவில்லை. அவள் முழங்கையைப் பிடித்து முற்றத்துப் பக்கம் அழைத்துப் போனாள். வெளியே அட்லஸ் மலையின் பனி மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ மஃரிப் தொழுகைக்கு அழைத்தார்கள்.

அங்கே நின்று கிஸ்லான் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. ஜவாத் அறையில் இல்லை. இடைவேளையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டான். காஸாபிளாங்கா ரயில் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறான். பெரிய போட்டிக்கு வர மாட்டான். லம்யாவுக்கு இடம் கிடைத்த பிறகு சொல், அதற்கு முன்னால் சொன்னால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவாள் என்று கேட்டுக்கொண்டான். அவள் கையில் ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் என்றான்.

"நீ கவிழ்ப்பேன்னு நினைச்சேன்டீ," என்றாள் கிஸ்லான். "சத்தியமா. யாராயிருந்தாலும் கவிழ்ப்பாங்க. நாற்காலி செத்ததும் அட்டையை உன் கையில குடுத்துட்டுச் சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ நேரம் கேட்டப்போ எனக்கு உயிரே போச்சு."

லம்யா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே தோட்டத்தில் யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனார்கள்.  கிஸ்லான் அட்டையை நீட்டினாள். பிறகு அதில் எழுதியிருக்கும் பெயர் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். அடுத்தவர் பெயரில் யாரும் ஆட முடியாது. நாளை காலை பெரிய போட்டியிலும் அந்தப் பெயருக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். அதன் முன்னால் சில்லு அடுக்குவார்கள்.

"இடைவேளைக்கு முன்னாடி நான்தான் அவன்மேல எரிஞ்சு விழுந்தேன்," என்றாள் லம்யா. குரல் உடைந்திருந்தது. "ஏதோ கேட்டான். இருக்கற டென்ஷன்ல பேசாம இருன்னு சொல்லிட்டேன். அந்தக் கோபத்துல கிளம்பியிருப்பான். கோபம் தணிஞ்சா வந்துடுவான், இல்ல? அதனாலதானே போனான்?"

கிஸ்லான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் லம்யாவின் முகத்தில், தோற்ற பிறகும், அதே நம்பிக்கை மறுபடி எழுந்து உட்காருவதைப் பார்த்தாள்.

"இல்லடீ," என்றாள். "இன்னிக்குக் காலையில, முதல் சீட்டு போடறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்து கேட்டான். நல்ல அடுக்கு வச்சிருக்கற ஆள் எழுந்து போயிட்டா, அவன் நாற்காலி எத்தனை மணி நேரம் தாங்கும்னு."